பழைய ட்ராக்கை திரும்ப ஓட்டணும்னா எந்த கேமை எடுக்கறது? ஒரிஜினல், 8 டீலக்ஸ், வேர்ல்ட், நைட்ரோ ஃபியூல்ட்

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டாங்க. முதல் ஆள் என் ஃப்ரெண்டு, நின்டெண்டோவோட ஸ்விட்ச் கன்சோல்ல மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற ரேஸ் கேம் வச்சிருக்கான், கூடுதல் ட்ராக் தர்ற பூஸ்டர் கோர்ஸ் பாஸ் போட்டுக்கலாமா இல்ல காசு சேர்த்து ஸ்விட்ச் 2 வாங்கி மரியோ கார்ட் வேர்ல்டுக்கே போயிடலாமான்னு முழிச்சிட்டு இருக்கான். அடுத்தது ஆபீஸ்ல ஒரு அண்ணன், பிளேஸ்டேஷன் 1ல (பிஎஸ்1) க்ராஷ் டீம் ரேசிங் ஆடி வளர்ந்தவர், இப்ப வீட்ல பிஎஸ்4 இருக்கு. மூணாவது எங்க சித்தி பொண்ணு, சிங்கப்பூர்ல வளர்ந்தவங்க, நின்டெண்டோ 64ல (என்64) அண்ணன்கூட சண்டை போட்டுக்கிட்டு ஓட்டின அந்த ரெயின்போ ரோடு ட்ராக்கை இப்ப தன் பசங்ககூட ஓட்டணும்னு ஆசைப்படறாங்க.

மூணு பேருமே "பழைய ட்ராக்"னு ஒரே வார்த்தையை தான் சொல்றாங்க ஆனா அவங்க மிஸ் பண்றது ஒரே விஷயம் இல்ல, அதனால ஒரே பதிலை மூணு பேருக்கும் சொல்லிட முடியாது. எதை வச்சு பாக்கணும்ங்கறதை முதல்ல சொல்லிடறேன்.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல் விஷயம் வண்டி. நிறைய பேர் கிராஃபிக்ஸ் எப்படி இருக்கு, ரோடு அதே மாதிரி வளையுதான்னு தான் பாப்பாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பாத்தேன். ஆனா ஒரு வளைவு ஞாபகத்துல நிக்கறதுக்கு காரணம் அந்த வளைவு மட்டும் இல்ல, அந்த வண்டியில அந்த வேகத்துல அதை திருப்பறதுக்கு நம்ம விரல் என்ன பண்ணுச்சோ அதுவும் சேர்ந்து தான். சூப்பர் மரியோ கார்ட்ல (1992) தோள் பட்டனை அமுக்கினா வண்டி ஒரு சின்ன குதி குதிச்சு அப்படியே சறுக்கும், அதுக்காகவே செங்குத்தா மடங்கற மூலைங்களை வச்சாங்க. மரியோ கார்ட் 64ல (1996) ட்ரிஃப்ட் (சறுக்கல்) பண்ணிக்கிட்டே ஸ்டிக்கை எதிர்ப்பக்கமும் இந்தப்பக்கமும் ஆட்டி ஆட்டி தான் மினி டர்போ (சின்ன வேக ஏத்தம்) எடுக்கணும். இப்ப இருக்கற கேம்ல ட்ரிஃப்டை பிடிச்சுக்கிட்டு இருந்தாலே பொறி பறந்து டர்போ ஏறிடும். அதே ரோட்டை அப்படியே கொண்டு வந்து வச்சாலும் அதே உணர்வு வராததுக்கு இதுதான் காரணம், வண்டியை மாத்தினா ரோட்டையும் கொஞ்சம் மாத்தித்தான் ஆகணும்.

ரெண்டாவது, ரோட்டோட வடிவம் எவ்வளவு மாறியிருக்கு, எதுக்காக மாத்தினாங்க. முக்கியமான காரணம் ரேஸ்ல ஓடற ஆளுங்க எண்ணிக்கை. சூப்பர் நின்டெண்டோவுலயும் என்64லயும் 8 பேர், வீ (Wii) கன்சோல்ல 12 பேர், வேர்ல்ட்ல 24 பேர். 8 பேருக்கு போட்ட ரோட்டுல 24 பேரை விட்டா முதல் திருப்பத்துலயே அடைச்சுக்கும், அதனால அகலப்படுத்தினாங்க. அகலமான ரோட்டுல அதே வளைவு ஈஸியாயிடும். அடுத்த காரணம் புதுசா வந்த விஷயங்கள். மரியோ கார்ட் 7ல (2011) க்ளைடரும் தண்ணிக்குள்ள ஓட்டறதும் வந்துச்சு, 8ல (2014) சுவத்துல ஓடற ஆன்டி கிராவிட்டி வந்துச்சு, அதையெல்லாம் பழைய ட்ராக்குக்குள்ள எங்கயாவது சொருகணும்.

அப்புறம் யார்கூட ஆடப்போறீங்க, கடைசியா மொத்தமா எவ்வளவு ஆகும். கேம் விலையை மட்டும் பாத்து யாரும் ஏமாந்துடாதீங்க, சந்தா, கூடுதல் கன்ட்ரோலர், புது கன்சோல் எல்லாம் சேர்த்து தான் கணக்கு போடணும். நம்ம ஊர்ல நின்டெண்டோவுக்குன்னு தனி ஈஷாப் (ஆன்லைன் கடை) இல்லாததால வெளிநாட்டு அக்கவுன்ட் வச்சு வாங்கற தொந்தரவும் இருக்கு. கீழ சொல்ற விலை எல்லாம் அமெரிக்க விலை, இங்க கடையில எப்பவும் அதை விட கூடத்தான் இருக்கும்.

## வழி 1: ஒரிஜினலையே ஓட்டறது

நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவுல சூப்பர் மரியோ கார்ட் இருக்கு. எக்ஸ்பான்ஷன் பேக் (சந்தாவோட விலை கூடின வகை) சேர்த்தா மரியோ கார்ட் 64ம் கேம் பாய் அட்வான்ஸ்ல (ஜிபிஏ) வந்த சூப்பர் சர்க்யூட்டும் (2001) கிடைக்கும். எக்ஸ்பான்ஷன் பேக்கோட ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 49.99 டாலர்.

வண்டி, ரோடு ரெண்டுமே மாறாதது இந்த வழியில மட்டும் தான். அதே குதி, அதே மூலை, அதே பாட்டு. ராயல் ரேஸ்வேயில ரேஸை விட்டுட்டு பீச் கோட்டைக்கு வண்டியை ஓட்டிட்டு போய் அங்க சுத்திட்டு வர்ற அந்த கிளைப்பாதை ஞாபகம் இருக்கா, அது இங்க தான் இருக்கு, 8ல அந்த ட்ராக் வந்தப்ப கோட்டை தூரத்துல தெரியும், போக முடியாது. ரேஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத பாதை தான், ஆனா எனக்கு அந்த ட்ராக்னாலே முதல்ல ஞாபகம் வர்றது அந்த கோட்டை வாசல் தான், அதை எடுத்தது இன்னிக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

சூப்பர் சர்க்யூட் பத்தி தனியா சொல்லணும், பழைய ட்ராக்கை திரும்ப கொண்டு வர்ற பழக்கம் இந்த சீரிஸ்ல ஆரம்பிச்சதே அதுலதான். 20 புது ட்ராக், அதுகூட சூப்பர் நின்டெண்டோவோட 20 ட்ராக்கும் அன்லாக் பண்ற மாதிரி உள்ள வச்சிருந்தாங்க. ஆனா தடையெல்லாம் எடுத்துட்டு ரோட்டை மட்டும் கொண்டு வந்தாங்க, பின்னாடி தெரியற படம் ஜிபிஏ ட்ராக்குல இருந்து எடுத்தது. அப்புறம் மரியோ கார்ட் டிஎஸ்ல (2005) தான் 16 புதுசு 16 பழசுன்னு பாதிப்பாதி கணக்கு வந்துச்சு, வீ, 7, 8 எல்லாம் அதே கணக்குல தான் வெளிவந்துச்சு.

மறைஞ்சிருக்கற செலவுன்னா, முதல் விஷயம் சந்தா நின்னா கேமும் போயிடும், உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது. அடுத்தது ஞாபகமே நம்மை ஏமாத்தும். சூப்பர் மரியோ கார்ட்ல ஒருத்தர் மட்டும் ஆடினாலும் ஸ்க்ரீன் ரெண்டா பிரிஞ்சு தான் இருக்கும், கீழ் பாதி மேப்புக்கு போயிடும், பெரிய டிவியில இன்னிக்கு பாத்தா "இதையா அவ்வளவு நேரம் ஆடினோம்"னு தோணும். மரியோ கார்ட் 64ல மூணு நாலு பேர் சேர்ந்தா ரேஸ்ல பாட்டே வராது, கிராண்ட் ப்ரீயும் (அடுத்தடுத்த ரேஸ் சேர்ந்த கப் போட்டி) ரெண்டு பேர் வரைக்கும் தான். சித்தி பொண்ணு கிட்ட இதை சொன்னப்ப அவங்களால நம்பவே முடியல, ஏன்னா அவங்க வீட்ல எப்பவும் ரெண்டு பேர் தான் ஆடியிருக்காங்க.

தனியா ஆடறவங்க, டைம் ட்ரையல்ல (நேரத்தோட மட்டும் மோதற ரேஸ்) பழைய நேரத்தை திரும்ப பிடிக்கணும்னு நினைக்கறவங்க இதை எடுக்கலாம். ஏற்கனவே ஸ்விட்ச் இருந்தா ஒரு வருஷம் சந்தா போட்டு பாருங்க, முதல் ரெண்டு வாரத்துக்கு அப்புறமும் தொடறீங்களான்னு தெரிஞ்சிடும்.

## வழி 2: மரியோ கார்ட் 8 டீலக்ஸ், பூஸ்டர் கோர்ஸ் பாஸோட

எண்ணிக்கையில இதுகிட்ட எதுவும் நிக்காது. 2017ல டீலக்ஸ் வந்தப்பவே 48 ட்ராக், அதுல 23 பழைய மரியோ கார்ட் ட்ராக். 2022 மார்ச்ல இருந்து 2023 நவம்பர் வரைக்கும் 6 தவணையா தவணைக்கு 8 ட்ராக்னு பாஸ்ல இன்னும் 48, மொத்தம் 96. கேம் 59.99, பாஸ் 24.99 டாலர்.

ஆனா இந்த 96க்குள்ள ரெண்டு வேற வேற கைவேலை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி அது தெரிஞ்சிருக்கணும்.

முதல் 48ல வந்த பழைய ட்ராக்ஸ் ஒவ்வொண்ணையும் உக்காந்து யோசிச்சு மறுபடி கட்டியிருக்காங்க. இதுக்கு எனக்கு எப்பவும் நல்ல உதாரணம் அந்த என்64 ரெயின்போ ரோடு தான். ஒரிஜினல்ல அது ரொம்ப நீளம், மூணு சுத்துக்கு ஆறு நிமிஷம் கிட்ட ஆகும், சுத்தி முழுக்க நட்சத்திர வேலி போட்டிருக்கும் அதனால விழவும் மாட்டோம், அழகா இருக்கும் ஆனா ரெண்டாவது சுத்துலயே கண்ணு சொக்கும். 8ல அதை ஒரே சுத்தா ஆக்கி மூணு பகுதியா பிரிச்சிட்டாங்க, ஆரம்பத்துல வர்ற அந்த பெரிய இறக்கம் அப்படியே இருக்கு, மேல வானத்துல ரயில் ஒண்ணு காசு கொட்டிக்கிட்டே போகுது, அந்த பழைய மெட்டை நிஜ வாத்தியங்களை வச்சு வாசிச்சிருக்காங்க. ஒரிஜினல்ல மனசுல நின்ன இடம் எதெதுன்னு பாத்து அதை வச்சுக்கிட்டு இழுவையை வெட்டிட்டாங்க. மாத்தினதனாலயே அது இன்னும் அந்த ட்ராக்கா ஆயிடுச்சுன்னு நான் சொல்வேன், சித்தி பொண்ணு முதல் தடவை ஓட்டி முடிச்சிட்டு ஒண்ணும் பேசாம மறுபடி ஸ்டார்ட் அமுக்கினாங்க.

டோட்ஸ் டர்ன்பைக்ல லாரிங்களுக்கு நடுவுல புகுந்து போறதுக்கு பதிலா சுவத்துல ஏறி ஓடலாம். ஜிபிஏ மரியோ சர்க்யூட் தட்டையான ட்ராக், அதுல ஒரு பகுதியை அப்படியே தூக்கி சாய்ச்சிட்டாங்க. ரிப்பன் ரோடு ஒரு குழந்தையோட ரூமுக்குள்ள ஓடுது. பேபி பார்க் இன்னும் அதே 7 சுத்து தான், அதே கூச்சல்.

பூஸ்டர் பாஸ் அப்படி இல்ல. அதுல நிறைய ட்ராக் மொபைல்ல வந்த மரியோ கார்ட் டூர்ல (2019) செஞ்சு வச்சதை எடுத்து மெருகேத்தினது. முதல் தவணையில புல்லும் மண்ணும் வழவழன்னு ஒரே கலர் பூசின மாதிரி இருக்கும், அடிப்படை கேம் ட்ராக் ஒண்ணை ஓட்டிட்டு உடனே இதுக்கு வந்தா நல்லாவே தெரியும். கோகனட் மால்ல வீ காலத்துல கடைசி பார்க்கிங்ல கார் முன்னும் பின்னும் போய்க்கிட்டு இருக்கும், அதுக்கு நடுவுல புகுந்து போறது தான் அந்த ட்ராக்கோட திகிலே, பாஸ்ல வந்தப்ப கார் எல்லாம் சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஆளுங்க வருத்தப்பட்டாங்க, அப்புறம் வந்த அப்டேட்ல ஷை கைங்கற முகமூடி பாத்திரங்க கார்ல வட்டம் போட்டு சுத்த ஆரம்பிச்சாங்க. கலிமாரி டெசர்ட்ல ரயில் சுரங்கத்துக்குள்ளயே போகலாம், சின்ன வயசுல அந்த சுரங்கத்துக்குள்ள போய் பாத்து ரயில் அடிச்சு தூக்கி வீசினது ஞாபகம் இருக்கறவங்களுக்கு அது பெரிய சந்தோஷம். பின்னாடி வந்த தவணைங்க முதலாவதை விட நல்லாவே இருக்கு. 48ல எல்லாமே பழசும் இல்ல, பாரிஸ், டோக்கியோ, நியூயார்க் மாதிரி டூரோட நகர ட்ராக்ஸும் கணிசமா இருக்கு, அதுல ஒவ்வொரு சுத்துக்கும் ரூட்டு மாறும்.

இதுல கவனிக்க வேண்டிய செலவு ஒண்ணு தான்: எக்ஸ்பான்ஷன் பேக் சந்தாவுல பாஸ் சும்மா வருது தான், ஆனா சந்தா முடிஞ்சா அந்த 48ம் பூட்டிக்கும். பாஸுக்காக மட்டும்னா ஒரு வருஷ சந்தாவை விடவே 24.99 குடுத்து தனியா வாங்கிடறது தான் லாபம். ஆன்லைன்ல ஓட்டணும்னா சந்தா எப்படியும் வேணும்.

வீட்ல பசங்க, சொந்தக்காரங்க, ஒரே டிவியில நாலு பேர்னா இதுக்கு மேல யோசிக்கவே வேணாம். ஸ்விட்ச் 2லயும் ஓடும்ங்கறதால போட்ட காசு வீணாகாது.

## வழி 3: மரியோ கார்ட் வேர்ல்ட்

2025 ஜூன் 5ல ஸ்விட்ச் 2 கூடவே வந்தது. வந்தப்ப கேம் 79.99 டாலர், கன்சோல் 449.99. பழைய ஸ்விட்ச்ல ஓடாது.

இதுல பழைய ட்ராக்குன்னு தனி பொட்டியே கிடையாது. முன்னாடி எல்லாம் பேருக்கு முன்னாடி எந்த மெஷின்ல இருந்து வந்ததுன்னு போட்டிருப்பாங்க, பழசுக்கு தனி கப் இருக்கும். இங்க சோகோ மவுன்டன், பீச் பீச், டிகே பாஸ், டோட்ஸ் ஃபேக்டரி, ஏர்ஷிப் ஃபோர்ட்ரஸ், டைனோ டைனோ ஜங்கிள் எல்லாமே ஒரே பெரிய நிலப்பரப்புல அது அதோட இடத்துல உக்காந்திருக்கு, புது ட்ராக்கோட கலந்து. டிகே பாஸ்னா மலைமேல பனி, அந்த மலை அடிவாரத்துல இருந்து ஏறிப் போனா தான் வரும். மத்த எந்த கேம்லயும் இல்லாத ஒரு விஷயம் இது, அந்த ஊர் எங்க இருக்கு, பக்கத்துல என்ன இருக்குன்னு இப்பதான் நமக்கு தெரியுது. ஃப்ரீ ரோம்ல பழைய ட்ராக்கை சும்மா ஓட்டிட்டு போய் ஓரத்துல நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

ஆனா ஓட்டறப்ப ஒரு குறை இருக்கு, கிராண்ட் ப்ரீயில முதல் ரேஸுக்கு அப்புறம் பெரும்பாலும் ஒரு ட்ராக்குல இருந்து இன்னொண்ணுக்கு ஓட்டிட்டு போறது தான் ரேஸ். போய் சேர்ந்தா அந்த ட்ராக்கை ஒரு தடவை பாக்கறோம், முடிஞ்சிடுது. ஒரு ட்ராக் பழகணும்னா மூணு சுத்து வேணும், முதல் சுத்துல தப்பு பண்ணி ரெண்டாவதுல திருத்தி மூணாவதுல துணிஞ்சு ஷார்ட்கட் எடுக்கணும். அது வேணும்னா விஎஸ் ரேஸுக்கோ டைம் ட்ரையலுக்கோ போகணும். 24 பேருக்காக ரோடும் அகலமா இருக்கு, தனியா ஓட்டறப்ப அந்த அகலம் கொஞ்சம் வெறிச்சுன்னு தெரியும்.

பழைய ட்ராக்குக்காக மட்டும் இந்த காசை போடாதீங்கன்னு தான் சொல்வேன். புது கன்சோல் எப்படியும் வாங்கப்போறீங்க, பெரிய உலகத்துல ஊர் சுத்தணும்னு ஆசைன்னா தாராளமா வாங்கலாம், அப்ப பழைய ட்ராக் உங்களுக்கு வழியில பாக்கற பழைய ஃப்ரெண்டு மாதிரி.

## வழி 4: க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்ட்

ஆபீஸ் அண்ணனுக்கு நான் ரெண்டாவது யோசனையே இல்லாம சொன்னது இதைத்தான். 2019 ஜூன்ல பீனாக்ஸ் ஸ்டூடியோ பண்ணினது, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூணுலயும் இருக்கு. 1999ல நாட்டி டாக் பண்ணின ஒரிஜினலோட 18 ட்ராக், 2003ல வந்த க்ராஷ் நைட்ரோ கார்ட்டோட 13, அப்புறம் மாசா மாசம் வந்த கிராண்ட் ப்ரீ ட்ராக்ஸ் எல்லாம் சேர்த்து 40 (அதுல ரெட்ரோ ஸ்டேடியம் பிஎஸ்4க்கு மட்டும்).

இவங்க வண்டியை கிட்டத்தட்ட தொடவே இல்ல, பெரிய வித்தியாசமே அதுதான். ஒரு தோள் பட்டன்ல சறுக்கு, புகை கருப்பாகி பார் சிவப்பாகறப்ப இன்னொரு தோள் பட்டன், ஒரே சறுக்குல மூணு தடவை. மேட்டு உச்சியில குதிச்சா காத்துல நின்ன நேரத்துக்கு ஏத்த பூஸ்ட். ரேஸ்ல அன்னிக்கும் 8 பேர், இன்னிக்கும் 8 பேர். வண்டியும் மாறல, ஆள் கணக்கும் மாறல, அதனால ரோட்டை மாத்த வேண்டிய அவசியமே வரல. பாப்பு பிரமிட்ல சுவத்தை தாண்டி குதிக்கற ஷார்ட்கட், டைகர் டெம்பிள்ல ஆயுதத்தால அடிச்சு திறக்கற கல் வாசல், எல்லாம் அதது அங்கங்க இருக்கு. மாத்தினதெல்லாம் ரோட்டுக்கு வெளியில தான், ஓரத்துல செடி, சிலை, கூட்டம்னு நிரப்பிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு கன்ட்ரோலரை எடுத்தவருக்கு ரெண்டாவது ரேஸ்லயே விரல் தானா வேலை செய்ய ஆரம்பிச்சுதுன்னு அண்ணன் சொன்னார்.

நைட்ரோ கார்ட் ட்ராக் மட்டும் அப்படி சொல்ல முடியாது, அது வேற கேமோட வண்டிக்காக போட்ட ரோடு, இங்க க்ராஷ் டீம் ரேசிங் வண்டியில ஓடுது. அதை ஆடி வளர்ந்தவங்களுக்கு கொஞ்சம் அந்நியமா தான் இருக்கும்.

குறைன்னு பாத்தா கன்சோல்ல செகண்டுக்கு 30 ஃப்ரேம் தான், லோடிங் நீளம், பிசியில கிடையாது. வெளிவந்து ரெண்டு மாசத்துல கேமுக்குள்ள இருக்கற கடைக்கான காசை நிஜக் காசுக்கு விக்க ஆரம்பிச்சாங்க, கேரக்டர் எல்லாம் வேணும்னு ஆசைப்பட்டா ஒண்ணு ரொம்ப நேரம் ஆடணும் இல்ல காசு போடணும். ட்ராக் ஓட்டறதுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. இன்னொண்ணு, இது கஷ்டமான கேம், அந்த மூணு பூஸ்ட் கைக்கு வராதவங்க பின்னாடியே தான் ஓடணும், சின்ன பசங்க கூட ஆடினா அழுகை கேரண்டி.

## நிஜக்கார் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை

கிரான் டூரிஸ்மோ 7ல (2022) 1997ல இருந்தே வர்ற ட்ரையல் மவுன்டன், ஹை ஸ்பீட் ரிங் இருக்கு, ஆனா இப்ப இருக்கற ரேஸ் கார்களுக்கும் பாதுகாப்பு முறைக்கும் ஏத்த மாதிரி செதுக்கிட்டாங்க, ட்ரையல் மவுன்டனோட கடைசி சிகேன் (இடம் வலம்னு அடுத்தடுத்து மடங்கற வளைவு) பழைய ஆளுங்களுக்கு வேற மாதிரி இருக்கும். கிராண்ட் வேலி 2023ல கலிஃபோர்னியா கடற்கரை ரோடா மாறி, பேரும் கிராண்ட் வேலி ஹைவே 1ன்னு ஆயிடுச்சு. பெரும்பாலான மோடுக்கு இன்டர்நெட் வேணும். பழைய நிஜ சர்க்யூட் அந்த காலத்துல இருந்த மாதிரியே வேணும்னா பிசியில அசெட்டோ கோர்ஸா பாருங்க, 1966 மோன்ஸாவோட சாய்வு ரோடு அதுல இருக்கு.

## ஒரே பார்வையில

| | ஒரிஜினல் (சந்தா) | 8 டீலக்ஸ் + பாஸ் | வேர்ல்ட் | நைட்ரோ ஃபியூல்ட் |
|---|---|---|---|---|
| வண்டி ஓட்டற உணர்வு | அதேதான் | முழுக்க புதுசு | முழுக்க புதுசு | கிட்டத்தட்ட அதே |
| ரோடு | மாறல | அளவா மாறினது | நிறைய மாறினது, அகலம் | ரொம்ப கம்மியா |
| மொத்த ட்ராக் | 20, 16, 40 (மூணு கேம்) | 96 | 96ஐ விட ரொம்ப கம்மி | 40 வரைக்கும் |
| ஒரு ரேஸ்ல | 8 பேர் | 12 பேர் | 24 பேர் | 8 பேர் |
| கவனிக்க வேண்டியது | சந்தா நின்னா போச்சு | பாஸ் தரம் ஏத்த இறக்கம் | புது கன்சோல் | கஷ்டம், லோடிங் |

## மூணு பேருக்கும் என்ன சொன்னேன்

ஃப்ரெண்டுகிட்ட பாஸை தனியா வாங்கிக்கோ, வேர்ல்டை ஸ்விட்ச் 2 விலை குறையறப்ப பாத்துக்கலாம்னு சொன்னேன். அவனுக்கு வீ காலத்து ட்ராக் தான் உயிர், மேப்பிள் ட்ரீவேயும் கூபா கேப்பும் பாஸ்ல இருக்கு. கூபா கேப்புக்கு ஒரு கதையே உண்டு, வீயில தண்ணி ஓட்டம் நம்மை தள்ளிக்கிட்டே குழாய்க்குள்ள கொண்டு போகும், 7ல அந்த குழாய் முழுக்க தண்ணி ரொப்பி அந்த வேகத்தை கொன்னுட்டாங்க, அதனால அவன் பாஸ்ல முதல்ல ஓட்டிப் பாக்க வேண்டியதே அதைத்தான்.

அண்ணன் நைட்ரோ ஃபியூல்ட் டிஸ்க் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டார்.

சித்தி பொண்ணுக்கு 8 டீலக்ஸ் மட்டும் போதும், பாஸ் கூட இப்ப வேணாம், அவங்க கேட்ட ரெயின்போ ரோடு அடிப்படை கேம்லயே இருக்கு. ஸ்மார்ட் ஸ்டீரிங் போட்டு விட்டா அஞ்சு வயசு சின்னவனும் ரோட்டை விட்டு விழாம ஓட்டுவான். கூடவே ஒரு வருஷத்துக்கு எக்ஸ்பான்ஷன் பேக் எடுத்து, அவங்க அண்ணன் ஊருக்கு வர்றப்ப ரெண்டு பேரும் 64ல ஒரிஜினலை ஆறு நிமிஷம் முழுசா ஓட்டிப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு பேர்னா பாட்டும் வரும்.